கூலரை அளந்து வாங்குங்கள்: சிக்கனக் கம்ப்யூட்டரை ஓவர்கிளாக் செய்வோர் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

சித்திரை மாதத்து மதியம் ஒன்றில், பக்கத்துத் தெருவில் பாலிடெக்னிக் படிக்கும் தம்பி ஒருவர் தன் கம்ப்யூட்டரைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். ரைசன் 5 2600 பிராசஸர், பி450 மதர்போர்டு, பகுதிநேர வேலையில் சேர்த்த காசில் புதிதாக வாங்கிய நான்கு ஹீட் பைப் கூலர். "அண்ணா, பழைய கூலரே தேவலை. இது ஒரு நிமிஷத்துல 90 டிகிரி தாண்டுது. அப்புறம் ஸ்பீடு தானா இறங்கிடுது" என்றார்.

கூலரைக் கழற்றித் திருப்பிப் பார்த்தேன். அடித்தகட்டின் மேல் கண்ணாடி போன்ற மெல்லிய பிளாஸ்டிக் உறை உரிக்கப்படாமல் அப்படியே இருந்தது. பேஸ்டை அந்த உறையின் மேலேயே தடவி மாட்டியிருந்தார். உறையை உரித்து, இரண்டு பக்கமும் துடைத்து, புதிதாகப் பேஸ்ட் வைத்து முடுக்கினோம். அதே சோதனை, அதே வெயில், 76 டிகிரியில் நின்றது. தம்பியின் முகத்தில் அப்போதுதான் ரத்தம் ஓடியது.

அவர் வாங்கிய கூலரில் குறை ஒன்றுமில்லை. ஒரு காகிதக் கனமுள்ள பிளாஸ்டிக் அவ்வளவு பணத்தையும் வீணாக்கிக்கொண்டிருந்தது. கூலர் வெப்பத்தை அழிப்பதில்லை, கைமாற்றித்தான் விடுகிறது. சிப்பிலிருந்து உலோக மூடிக்கு, மூடியிலிருந்து பேஸ்டுக்கு, பேஸ்டிலிருந்து ஹீட் பைப்புக்கு, அங்கிருந்து தகடுகளுக்கு, தகடுகளிலிருந்து கேபினட்டின் காற்றுக்கு, கடைசியில் உங்கள் அறைக்கு. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி மெலிந்திருக்கிறதோ அந்த இடத்தில்தான் உங்கள் ஓவர்கிளாக் நின்றுபோகும். கீழே வரும் ஒவ்வொரு குறிப்பும் ஏதோ ஒரு கண்ணியைப் பற்றியதே.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

1998-இல் வந்த இன்டெல் செலிரான் 300ஏ, 300 மெகாஹெர்ட்ஸ் சிப். பஸ் வேகத்தை 66-லிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் 450-இல் ஓடும். காசே செலவில்லாமல் ஐம்பது சதவீதம் கூடுதல் வேகம். சிக்கனக் கம்ப்யூட்டர்காரர்கள் அதை இன்றும் பேசுவார்கள். ஆனால் இன்றைய பிராசஸர்கள் சூடும் மின்சாரமும் இடம் கொடுக்கும்வரை தாமாகவே வேகம் ஏறிக்கொள்கின்றன. நாம் கூட்டுவதற்கு மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். அதற்குக் கொடுக்கும் விலையோ அதிகம்.

சிப் உறிஞ்சும் மின்சாரம் வேகத்தோடு நேராகவும், வோல்டேஜோடு இருமடியாகவும் ஏறும். எல்லா கோர்களும் 3.6 கிகாஹெர்ட்ஸில் 1.2 வோல்ட்டில் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். 4.0 கிகாஹெர்ட்ஸுக்கும் 1.35 வோல்ட்டுக்கும் ஏற்றினால் வேகம் 11 சதவீதம் கூடுகிறது, வெப்பம் சுமார் 40 சதவீதம் கூடுகிறது. 65 வாட்டில் இருந்தது 91 வாட் ஆகிறது. பெட்டியோடு வரும் கூலர் திணறுவது இதனால்தான். நல்ல கூலர் இருந்தும் கண்ணை மூடிக்கொண்டு வோல்டேஜ் ஏற்றக்கூடாது என்பதும் இதனால்தான்.

வாங்கும் முன்: செய்ய வேண்டியவை

1. ஓவர்கிளாக் செய்ய முடியுமா என்று உறுதிசெய்யுங்கள். ஏஎம்டியின் ஏஎம்4 ரைசன்களில் அநேகமாக எல்லாமே பூட்டில்லாதவை. ஆனால் மதர்போர்டு ஒத்துழைக்க வேண்டும்: பி350, பி450, பி550 இடம் கொடுக்கும், ஏ320, ஏ520 கொடுக்காது. இன்டெலில் பெயரின் முடிவில் 'கே' எழுத்து உள்ள சிப்பும், இசட் வரிசை மதர்போர்டும் சேர்ந்தால்தான் வேகப் பெருக்கியை (மல்டிப்ளையர்) ஏற்ற முடியும். கோர் ஐ5 12400எஃப்பை எச்610 போர்டில் வைத்திருப்பவர் ஓவர்கிளாக்குக்கென்று கூலர் வாங்கினால் சத்தம் குறையும், சூடு குறையும், வேகம் ஏறாது.

2. உங்கள் அறையின் சூட்டைக் கணக்கில் சேருங்கள். காற்றால் குளிரும் கூலர் எதுவும் அறையின் சூட்டுக்குக் கீழே போகாது. 25 டிகிரி ஏசி அறையில் 75 டிகிரி காட்டும் சிப், அதே வேலையை 38 டிகிரி அறையில் செய்தால் ஏறக்குறைய 88 காட்டும். வெளிநாட்டு விமர்சனங்களில் வரும் எண்கள் பெரும்பாலும் இருபதை ஒட்டிய அறைகளில் எடுத்தவை. வேலூரிலோ மதுரையிலோ மாடி அறையில் ஓட்டப்போகும் நாம் அந்த எண்ணோடு பதினைந்தைக் கூட்டிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். நம் ஊரில் கூலருக்குக் கொஞ்சம் தாராளமாகச் செலவழிக்க நியாயம் இருக்கிறதென்றால் அது இந்தப் பதினைந்து டிகிரிதான்.

3. கேபினட்டின் அகலத்தை அளங்கள். கூலர் மாஸ்டர் ஹைப்பர் 212 ஈவோவின் உயரம் 159 மி.மீ., டீப்கூல் ஏகே400 155 மி.மீ., நாக்டுவா என்எச்-டி15 165 மி.மீ. சின்ன கேபினட்டுகள் பலவற்றில் 150-க்கு மேல் இடமிருக்காது. கேபினட் அட்டைப்பெட்டியில் 'சிபியு கூலர் உயரம்' என்று ஓர் எண் இருக்கும். அது கிடைக்காவிட்டால் பள்ளிக்கூட ஸ்கேலே போதும். பக்க மூடியைக் கழற்றி, பிராசஸருக்கு அருகில் மதர்போர்டின் பரப்பில் ஸ்கேலை நிறுத்தி, கேபினட்டின் விளிம்பு வரை அளங்கள். பிராசஸரும் சாக்கெட்டும் போர்டிலிருந்து சற்று உயர்ந்து நிற்பதால் அந்த அளவிலிருந்து 10 மி.மீ. கழியுங்கள். மூடி உரசாமல் இருக்க இன்னும் 3 மி.மீ. கழியுங்கள். மிஞ்சுவதுதான் நீங்கள் வாங்கக்கூடிய உயரம்.

4. ரேமின் உயரத்தைப் பாருங்கள். உடை இல்லாத சாதாரண ரேம் ஏறக்குறைய 31 மி.மீ. உயரம். அலங்காரத் தகடும் விளக்கும் வைத்தவை 40-ஐயும் தாண்டும். கூலரின் ஃபேன் முதல் ரேம் இடத்தின் மேல் வந்து நிற்கும் வகையானால் ஃபேனை மேலே தள்ளி மாட்ட வேண்டிவரும். அப்படித் தள்ளியதும் கூலரின் மொத்த உயரம் கூடிவிடும்; முன்பு அளந்த கணக்கு தப்பிவிடும்.

5. சாக்கெட் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். இன்டெலின் எல்ஜிஏ 1200-இல் திருகு ஓட்டைகளின் இடைவெளி 75 மி.மீ.; 2021 கடைசியில் வந்த எல்ஜிஏ 1700-இல் 78 மி.மீ. மூன்று மில்லிமீட்டர்தான், ஆனால் பழைய பிராக்கெட் உட்காராது. ஏஎம்4-க்குச் செய்த கூலர்களில் பெரும்பாலானவை ஏஎம்5-க்கும் பொருந்தும். பின்தகட்டை மாற்றச் சொல்பவை மட்டும் பொருந்தாது. பழைய மதர்போர்டு வாங்குவோர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: ஏஎம்4 போர்டுடன் வரும் கறுப்பு பிளாஸ்டிக் பிராக்கெட்டும் பின்தகடும் இருக்கின்றனவா? மலிவுக் கூலர்கள் சில அந்த பிராக்கெட்டில்தான் கொக்கி போட்டு மாட்டும்.

6. மதர்போர்டின் மின்பகுதியைக் கவனித்துப் பாருங்கள். பிராசஸருக்கு மின்சாரம் தரும் விஆர்எம் பகுதி சாக்கெட்டின் இடப்பக்கமும் மேற்பக்கமும் இருக்கும். அதன் மேல் உலோக ஹீட் சிங்க் இருக்கிறதா பாருங்கள். பெட்டியோடு வரும் கூலர் மேலிருந்து கீழே ஊதுவதால் அந்தக் காற்று விஆர்எம் மேலும் படும். உயரமாக நிற்கும் கோபுரக் கூலர் பக்கவாட்டில் ஊதும். பிராசஸர் குளிரும், விஆர்எம் காற்றில்லாமல் காயும். ஹீட் சிங்க் இல்லாத போர்டில் கோபுரக் கூலர் போட்டு வோல்டேஜ் ஏற்றினால் 70 டிகிரியிலேயே வேகம் விழும். கூலரைப் பழி சொல்வோம், காரணம் பக்கத்தில் இருக்கும். அப்படிப்பட்ட போர்டு உங்களுடையதானால் வோல்டேஜைத் தொடாதீர்கள். அல்லது கீழ்நோக்கி ஊதும் ஹீட் பைப் கூலராகப் பார்த்து வாங்குங்கள்.

வாங்கும்போது: செய்யக்கூடாதவை

1. பெட்டியில் போட்டிருக்கும் வாட் எண்ணை நம்பி வாங்காதீர்கள். '180 வாட்', '220 வாட்' என்று கூலர் கம்பெனிகள் போடும் எண்ணுக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. எந்த அறைச் சூட்டில், எத்தனை டிகிரி ஏற்றத்தில் அளந்தார்கள் என்பதை ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி வைத்துக்கொள்கிறார்கள். ஹீட் பைப் எத்தனை, தகடுகள் எவ்வளவு பரப்பு, ஃபேன் என்ன அளவு என்று பாருங்கள். இவை கண்ணுக்குத் தெரிபவை. பிராசஸரின் 65 வாட் எண்ணும் அப்படித்தான்: ஏஎம்4-இல் 65 வாட் என்று எழுதியிருக்கும் ரைசன் சாக்கெட்டிலிருந்து 88 வாட் வரை எடுக்க அனுமதி உண்டு.

2. 120 மி.மீ. லிக்விட் கூலருக்கு ஆசைப்படாதீர்கள். தண்ணீர் என்றதும் குளிர்ச்சி என்று மனம் நினைக்கும். அந்தத் தண்ணீரும் கடைசியில் ஒற்றை ஃபேன் ரேடியேட்டரில் காற்றிடம்தான் சூட்டைக் கொடுக்க வேண்டும். அதே விலையில் வரும் நல்ல கோபுரக் கூலர் அதற்குச் சளைக்காது. கோபுரக் கூலரில் பழுதாகக்கூடியது ஃபேன் மட்டும்தான், மாற்றிவிடலாம். லிக்விட் கூலரில் பம்ப் நின்றால் மொத்தமும் குப்பை. ரப்பர் குழாய் வழியே ஆண்டுகள் போகப்போகத் திரவம் குறைவதும் உண்டு.

3. தேவைக்கு மேல் பெரிதாக வாங்காதீர்கள். ரைசன் 3000, 5000 வரிசைகளில் பெரும்பாலானவற்றில் கோர்கள் சுமார் 80 சதுர மி.மீ. துண்டுகளுக்குள் அடங்கியிருக்கின்றன. அவ்வளவு சின்ன இடத்திலிருந்து வெப்பம் வெளியே வருவதே சிரமம். அந்த இடைஞ்சல் கூலருக்கு முன்பே இருப்பதால், ஓரளவுக்கு மேல் எவ்வளவு பெரிய கூலர் வைத்தாலும் இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் குறையாது.

4. கூலரின் விலையைத் தனியாகப் பார்க்காதீர்கள். கூலர், கூடுதல் கேபினட் ஃபேன், பேஸ்ட் எல்லாம் கூட்டுங்கள். உங்கள் பிராசஸருக்கும் அதற்கு அடுத்த படி பிராசஸருக்கும் உள்ள விலை வித்தியாசத்தை அது தொட்டுவிட்டால் பிராசஸரையே மாற்றிக்கொள்ளுங்கள். இன்னும் ஹார்டு டிஸ்கில் விண்டோஸ் ஓட்டிக்கொண்டிருப்பவர் அந்தப் பணத்தில் எஸ்எஸ்டி வாங்கலாம். ஒற்றை ரேம் வைத்திருப்பவர் இரண்டாவது ரேம் வாங்கலாம். 11 சதவீத வேகத்தைவிட அது தினமும் கண்ணுக்குத் தெரியும்.

5. கேபினட்டோடு வந்த பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ்ஸை வைத்துக்கொண்டு கூலரைத் தேடாதீர்கள். ஓவர்கிளாக் கேட்கும் கூடுதல் மின்சாரம் அதன் வழியேதான் வரவேண்டும். அது சொத்தையானால் கூலர் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தும் கம்ப்யூட்டர் பாதியில் அணையும்.

எந்தக் கூலர் யாருக்கு?

ஹீட் பைப்பைப் புரிந்துகொண்டால் இந்தத் தேர்வு எளிது. வெளியே பார்த்தால் செம்புக் கம்பி, உள்ளே வெற்றுக்குழாய். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு இருபுறமும் அடைத்திருப்பார்கள். அழுத்தம் குறைவாக இருப்பதால் தண்ணீர் 40, 50 டிகிரியிலேயே ஆவியாகும். ஆவி குளிர்ந்த முனைக்கு ஓடி, சூட்டை அங்கே விட்டுவிட்டு நீராகி, குழாயின் உட்சுவரில் படிந்திருக்கும் செம்புத் துகள் வழியே, திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோலத் திரும்பி வரும். 1963-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் விண்வெளிக் கருவிகளுக்காகச் செய்துகாட்டிய உத்தி இன்று நம் மேசையடியில் வேலை செய்கிறது. திடமான செம்புக் கம்பியைவிடப் பல மடங்கு வேகமாக அது சூட்டைக் கடத்தும். எனவேதான் கூலரின் தரத்தைப் பேசும்போது ஹீட் பைப்பை எண்ணுகிறோம்.

* வேகத்தைத் தொடப்போவதில்லை, சத்தம் குறைந்தால் போதும்: இரண்டு அல்லது மூன்று ஹீட் பைப், 92 மி.மீ. ஃபேன். ரைசன் 5 2600-உடன் வரும் ரெய்த் ஸ்டெல்த் முழுக்க அலுமினியம், ஹீட் பைப்பே கிடையாது. அதைவிட இது எவ்வளவோ மேல்.
* ஆறு கோர் சிப், மிதமான ஓவர்கிளாக், 90 முதல் 120 வாட் வரை: நான்கு ஹீட் பைப், ஒரு 120 மி.மீ. ஃபேன். ஹைப்பர் 212, டீப்கூல் ஏகே400 போன்றவை இந்த வகை. சிக்கனக் கம்ப்யூட்டர்களில் பத்தில் எட்டுக்கு இதுவே போதும் என்பது என் அனுபவம்.
* எட்டு கோர், அல்லது ஏசி இல்லாத மாடி அறையில் மணிக்கணக்காக வீடியோ ரெண்டர்: ஆறு ஹீட் பைப், இரண்டு 120 மி.மீ. ஃபேன். தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ போன்றவை வந்தபின் இந்த வகையும் சாமானியர் கைக்கு எட்டிவிட்டது. உயரம் 155 மி.மீ.; கேபினட் இடம் கொடுக்க வேண்டும்.

பொருத்தும்போது: செய்ய வேண்டியவை

1. கழற்றும் முன் கம்ப்யூட்டரைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். ஏஎம்4 பிராசஸரின் அடியில் ஆயிரத்துக்கும் மேல் ஊசிக்கால்கள் உண்டு. சாக்கெட் அவற்றை இலேசாகத்தான் பிடித்திருக்கும். காய்ந்த பேஸ்ட் பசைபோல் ஒட்டிக்கொண்டிருக்க, கூலரை நேராக மேலே இழுத்தால் பிராசஸரும் சாக்கெட்டைவிட்டுப் பிடுங்கிக்கொண்டு வரும்; கால்கள் வளையும். சூடாக இருக்கும்போது பேஸ்ட் இளகியிருக்கும். மின்இணைப்பைத் துண்டித்துவிட்டு, திருகுகளைக் கழற்றி, கூலரைத் தாழ்ப்பாள் திருகுவதுபோல் இடமும் வலமும் மெதுவாகத் திருகுங்கள். அது வழுக்கி வழிவிடுவது கையில் தெரியும். பிறகுதான் தூக்க வேண்டும். இந்த முப்பது விநாடிப் பொறுமைதான் ஒரு பிராசஸரின் விலை.

2. பழைய பேஸ்டை முழுதும் துடையுங்கள். ஐசோபுரொபைல் ஆல்கஹால் மருந்துக்கடையிலோ எலக்ட்ரானிக்ஸ் கடையிலோ கிடைக்கும். நூல் உதிராத துணியில் தொட்டுத் துடைத்து, ஈரம் காயவிடுங்கள்.

3. அடித்தகட்டின் உறையை உரியுங்கள். தம்பியின் கதையை மறக்காதீர்கள்.

4. பேஸ்டை அளவாக வையுங்கள். நடுவில் ஒரு பட்டாணி அளவு போதும். ஹீட் பைப் நேராகச் சிப்பைத் தொடும் கூலர்களில் பைப்புகளுக்கு நடுவே பள்ளம் இருக்கும். அங்கே பெருக்கல் குறிபோல் இரண்டு மெல்லிய கோடு போட்டால் பள்ளமும் நிரம்பும். பேஸ்டின் வேலை இரண்டு உலோகங்களுக்கு நடுவே சிக்கிய காற்றை வெளியேற்றுவது. உலோகம் உலோகத்தைத் தொடும் இடத்தில் அது குறுக்கே நிற்கக்கூடாது.

5. திருகுகளைக் கோணலாக மாற்றி மாற்றி முடுக்குங்கள். ஒன்றில் இரண்டு சுற்று, அதற்கு எதிர்மூலையில் இரண்டு சுற்று. ஒரே பக்கத்தை முழுதும் முடுக்கினால் கூலர் சாய்ந்து உட்காரும், பேஸ்ட் ஒருபக்கம் ஒதுங்கும்.

6. காற்றுக்கு ஒரே திசை காட்டுங்கள். ஃபேனின் பின்சட்டம், அதாவது ஒயரும் ஸ்டிக்கரும் உள்ள பக்கம், காற்று வெளியேறும் பக்கம். முன்னாலிருந்து உள்ளே, கூலர் வழியே, பின்னால் வெளியே. கேபினட்டின் பின்புறம் ஒரு ஃபேனாவது இருக்கட்டும். கோபுரக் கூலர் கக்கும் சூட்டை அதுதான் வெளியே தள்ளும்.

பொருத்தும்போது: செய்யக்கூடாதவை

1. லிக்விட் மெட்டல் பேஸ்ட் பூசாதீர்கள். அதிலிருக்கும் காலியம் அலுமினியத்தை அரித்துவிடும், மின்சாரத்தையும் கடத்தும். ஒரு துளி மதர்போர்டில் சிந்தினால் மிச்சம் மீதி இராது.

2. டிவி ரிப்பேர் கடையின் வெள்ளை பேஸ்டோடு திருப்தியடையாதீர்கள். டிரான்சிஸ்டருக்கு அது போதும். ஓவர்கிளாக் செய்த பிராசஸருக்கு, கம்ப்யூட்டருக்கென்றே வரும் நல்ல பேஸ்ட் டியூப் ஒன்று வாங்கினால் நாலைந்து முறைக்கு வரும்.

3. இன்டெல் கூலரின் தள்ளுமுளைகள் (புஷ் பின்) 'டிக்' என்றதும் விட்டுவிடாதீர்கள். நான்கில் ஒன்று முழுதும் இறங்காமல் நிற்பது சகஜம். போர்டைத் திருப்பி, நான்கு வெள்ளை முனைகளும் பின்பக்கம் சமமாக வெளிவந்திருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். ஓவர்கிளாக் செய்யப்போகிறீர்கள் என்றால் திருகும் பின்தகடும் உள்ள கூலரே மேல்.

4. ஃபேன் ஒயரைக் கிடைத்த இடத்தில் செருகாதீர்கள். மதர்போர்டில் 'சிபியு ஃபேன்' என்று எழுதிய நான்கு முள் இடத்தில்தான் செருக வேண்டும். சூட்டுக்கு ஏற்ப ஃபேன் வேகத்தை போர்டு மாற்றுவது அந்த வழியாகத்தான்.

5. பக்க மூடியைத் திறந்தே வைக்காதீர்கள். திறந்து வைத்து டேபிள் ஃபேனைத் திருப்பிவிட்டால் அன்றைக்குச் சூடு குறையும். மாதம் ஒன்றில் தகடுகளுக்கு நடுவே தூசி பஞ்சுபோல் அடைத்துக்கொள்ளும். நம் வீடுகளில் பல்லியும் எறும்பும் வேறு உண்டு. மூடியிருந்தும் சூடு தாங்கவில்லை என்றால் காற்றுவழியில் குறை, அதைச் சரிசெய்யுங்கள். கம்ப்யூட்டர் டேபிளின் கதவுள்ள அறைக்குள் கேபினட்டை நுழைத்து வைப்பதும் இதே தவறுதான்: கூலர் தான் கக்கிய சூட்டையே திரும்ப உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

6. கனமான கூலரோடு கம்ப்யூட்டரை நிறுத்திவைத்துப் பயணம் செய்யாதீர்கள். ஊர் மாறும்போது கேபினட்டைப் படுக்கவைத்து, மதர்போர்டு அடியிலும் கூலர் அதன் மேலும் இருக்குமாறு எடுத்துச் செல்லுங்கள். நீண்ட தூரமென்றால் கூலரைக் கழற்றிவிடுங்கள்.

வேகம் ஏற்றும்போது

செய்யுங்கள்: முதலில் ஏற்றாமல் அளங்கள். புதுக் கூலர் மாட்டியதும் பழைய வேகத்திலேயே சினிபெஞ்ச் ஆர்23 சோதனையைப் பத்து நிமிடம் ஓட்டி, எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் உச்சச் சூட்டையும் ஃபேன் சுழற்சியையும் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே அறையின் சூட்டையும் எழுதுங்கள். அறைச் சூடு இல்லாத எண்ணுக்கு மதிப்பில்லை.

செய்யுங்கள்: சின்னச் சின்னப் படியாக ஏறுங்கள். பயாஸில் 50 மெகாஹெர்ட்ஸ் ஏற்றி, சோதித்து, பிறகு அடுத்த படி. நின்றுபோனால் வோல்டேஜைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். ரைசன் 2000 வரிசையில் அன்றாடப் பயன்பாட்டுக்கு 1.35 வோல்ட்டை நான் தாண்டுவதில்லை. கடைசி 50 மெகாஹெர்ட்ஸுக்குப் பெரிய வோல்டேஜ் கேட்டால் அந்தப் படியை விட்டுவிடுங்கள்.

செய்யுங்கள்: கத்திரி வெயிலில் சோதியுங்கள். மார்கழி இரவில் தேறிய ஓவர்கிளாக் சித்திரை மதியத்தில் விழும். ஆண்டின் மிகச் சூடான நாள், மதியம் இரண்டு மணி, ஏசி இல்லாமல், பிரைம்95 சோதனையை அரைமணி நேரம் ஓட்டுங்கள். அப்போது 85 டிகிரிக்குள் நின்றால் ஆண்டு முழுதும் கவலையில்லை. ரைசன் 5 2600-இன் எல்லை 95 டிகிரி. அந்த எல்லையை ஒட்டியே குடித்தனம் நடத்தக்கூடாது.

செய்யாதீர்கள்: உத்தரவாதம் காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள். பூட்டில்லாத சிப்பை விற்கும் ஏஎம்டியே, ஓவர்கிளாக்கால் வரும் சேதத்தை உத்தரவாதத்தில் சேர்ப்பதில்லை.

செய்யாதீர்கள்: வோல்டேஜைக் குறைத்துப் பார்க்காமல் விடாதீர்கள். ரைசன் 5000 வைத்திருப்பவர்கள் பயாஸிலுள்ள கர்வ் ஆப்டிமைசர் மூலம் வோல்டேஜைச் சற்று இறக்கினால் சூடு குறையும். குறைந்த சூட்டில் சிப் தானாகவே அதிக நேரம் உச்ச வேகத்தில் நிற்கும். நம் ஊர் வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான ஓவர்கிளாக் இல்லை.

செய்யாதீர்கள்: மாட்டியதோடு மறந்துவிடாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தூசியை ஊதி எடுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் அது கட்டுக்கடங்காமல் சுழன்றால் பேரிங் தேயும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பேஸ்டை மாற்றுங்கள்.

ஒரு துண்டுத் தாள்

கடைசியாக, செலவே இல்லாத ஒரு வேலை. கேபினட் மூடியின் உள்பக்கத்தில் ஒரு துண்டுத் தாளை ஒட்டுங்கள். பேஸ்ட் வைத்த தேதி, அறைச் சூடு, வேலைச் சூடு, வோல்டேஜ், வேகம் என ஐந்தே வரி. ஆறு மாதம் கழித்து ஏதோ சரியில்லை என்று தோன்றும்போது, அதே சோதனையை ஓட்டி அந்தத் தாளோடு ஒப்பிடுங்கள். அறைச் சூடு மாறாமல் வேலைச் சூடு ஏழெட்டு டிகிரி ஏறியிருந்தால் சங்கிலியில் ஏதோ ஒரு கண்ணி தளர்ந்திருக்கிறது: தூசியா, பேஸ்டா, திருகா, ஃபேனா என்று வரிசையாகத் தேடலாம். புதுக் கூலர் வாங்க ஓட வேண்டியதில்லை.

அன்று அந்தத் தம்பி கிளம்பும்முன் அவர் கையாலேயே எழுதவைத்தேன். அறை 37, வேலை 76. பிறகு வந்த ஐப்பசியில் போன் செய்தார். "அண்ணா, ரூம் 29 இருக்கு. ஆனா இன்னும் 76-தான் காட்டுது. எட்டு டிகிரி இறங்கியிருக்கணும் இல்ல?" என்று கேட்டார். மூடியைக் கழற்றித் தகடுகளைப் பார்க்கச் சொன்னேன். பார்ப்பதற்கு முன்பே தூசி என்று அவருக்குத் தெரிந்திருந்தது.